ஒரே தழும்புக்கு இரண்டு தலைப்பு

என் இடது கையில் தழும்புகள் இருக்கின்றன. நானே எனக்குச் செய்துகொண்டவை. இருபது வயதுகளில் நடந்தது. எப்படி என்று எழுத மாட்டேன். அதை விளக்கமாகக் காட்டிக்கொடுக்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அவனை நான் மன்னிக்கவில்லை. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் மனம் இளகிவிடுவேன் என்று எதிர்பார்த்து யாரும் படிக்க வேண்டாம்.

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. எனக்குப் பேச்சு வராது. எழுதும்போது எதிரில் யாரும் நிற்பதில்லை என்பதால் எழுத மட்டும் கொஞ்சம் வரும். வேலை மைக் செட் வேலை. பினாங்கு லிட்டில் இந்தியாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் பாஸின் கடை. கோயில் திருவிழா, கல்யாணம், கருமக்கிரியை, கட்சிக் கூட்டம், எல்லாவற்றுக்கும் ஸ்பீக்கர் பாக்ஸும் மைக்கும் கொண்டுபோய் வைத்து, ஒரு ஓரமாக, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பேன். ஊரே பேசும். நான் பேச வேண்டியதில்லை. எனக்கு இதைவிட நல்ல வேலை கிடைத்திருக்காது.

வேலைக்குச் சேர்ந்த அன்று பாஸ் என் கையைப் பார்த்தார்.

"எந்த குரூப்புடா நீ?"

நான் விழித்தேன்.

"சரி, சொல்ல வேணாம். பழசெல்லாம் பழசாவே இருக்கட்டும். இங்க வந்து வம்பு தும்பு வச்சிக்கக் கூடாது, தெரியும்லா?"

தலையாட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் நான் குண்டர் கும்பலில் இருந்தவன் ஆகிவிட்டேன்.

அவரைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் தமிழ் ஆம்பிளை கையில் வெட்டுத் தழும்பு இருந்தால் அதற்கு ஒரே ஒரு கதைதான் உண்டு. பத்திரிகையில் வாரம் தவறாமல் வரும் கதை: குண்டர் கும்பல் மோதல், பாராங் கத்தி, கைது. கீழே முகம் மறைத்துக் குனிந்து நிற்கும் நான்கு பையன்கள். அந்தப் படத்தைப் பார்த்துப் பார்த்து எல்லோர் கண்ணும் பழகிவிட்டது. என் கையைப் பார்த்ததும் மீதிக் கதையை அவர்களே எழுதிக்கொண்டார்கள்.

நான் மறுக்கவில்லை. மறுத்தால் உண்மையைச் சொல்ல வேண்டிவரும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டவனைப் போலீஸ் பிடித்துப் போகும் என்று அந்தக் காலத்தில் பயமுறுத்துவார்கள். அது எவ்வளவு தூரம் சரி என்று எனக்குத் தெரியாது. சட்டம் இப்போது மாறிவிட்டது என்கிறார்கள். போலீஸ் வராவிட்டாலும் பைத்தியம் என்ற பேர் வந்துவிடும். பைத்தியத்தைவிட ரவுடிக்கு மரியாதை அதிகம். கோயில் கமிட்டி ஆட்கள் மற்ற மைக் செட்காரனிடம் "சவுண்டைக் குறைடா" என்பார்கள். என்னிடம் "அண்ணே, கொஞ்சமா குறைக்கலாமாண்ணே?" என்பார்கள். குடித்துவிட்டு மைக்கைப் பிடுங்க வருகிற பையன்கள் என்னைப் பார்த்தால் திரும்பிப் போய்விடுவார்கள். வாழ்க்கையில் ஒரு ஈயைக்கூட மிரட்டியதில்லை நான். அக்கா வீட்டில்தான் தங்கியிருந்தேன். அக்காவும் அப்படித்தான் நம்பினாள். "நல்லவேளை, அந்தச் சகவாசத்த விட்டான்" என்று யாரிடமோ போனில் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்கு ஒரே மகள். அவளுக்கு இருபத்திரண்டு வயது ஆனபோதுதான் இது நடந்தது. கடலுக்கு அக்கரையில் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. காலையில் கம்பெனி பஸ் எங்கள் ஃபிளாட்டுக்குக் கீழே வந்து ஏற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போகும். ஒரு நாள் பஸ்ஸில் தூங்கிவிட்டிருக்கிறாள். நீளக் கைச் சட்டை மேலே ஏறியிருக்கிறது. கூட வேலை செய்கிற யாரோ அந்தக் கையையும் முகத்தையும் போனில் படம் எடுத்துவிட்டார்கள்.

அவளும் அதைச் செய்துகொண்டிருந்தாள் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. இதே தழும்புகளோடு ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியவில்லை.

படம், நான் முதலில் சொன்ன அந்த ஆளிடம் போனது. ஃபேஸ்புக்கில் சமுதாயச் செய்தி என்று ஒரு பேஜ் நடத்துகிறவன். விபத்து, திருட்டு, ஓடிப்போன பெண், எல்லாம் அவனிடம் முதலில் வரும். அந்தக் கையைப் பெரிதாகக் காட்டி ஒரு வீடியோ போட்டான். அவள் முகத்தை லேசாக மங்கலாக்கினான். அவளைத் தெரிந்த யாருக்கும் அடையாளம் தெரியும் அளவுக்கு லேசாக. பின்னால் சோகமான வீணை. "காதல் தோல்வி! தொழிற்சாலைப் பெண்ணின் விபரீத முடிவு! பெற்றோர்களே உஷார்!" என்று சிவப்பு எழுத்து. உயிரோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு விபரீத முடிவு என்று தலைப்பு. பிறகு எதை வைத்துச் செய்தாள், எங்கே செய்தாள் என்று அவனாகவே ஒரு கதை சொன்னான். சமையல் குறிப்பு சொல்கிற குரலில் சொன்னான்.

கீழே கருத்துகள் வந்து குவிந்தன. "பாவம்" என்றவர்கள் கொஞ்சம். "அப்பா அம்மா வளர்ப்பு சரியில்லை" என்றவர்கள் நிறைய. "அட்டென்ஷன் சீக்கிங்" என்று ஒருவர். "சீரியல் பாத்துக் கெட்டுப்போனது" என்று ஒருவர். எப்படிச் செய்தால் இன்னும் சரியாக இருக்கும் என்று ஒருவன் எழுதிச் சிரித்திருந்தான். அப்படி எழுதியவனின் பேர் எனக்குத் தெரியும். அவன் எங்கள் திருவிழாக்களில் அன்னதானம் பரிமாறுகிறவன்.

அன்று மாலை அக்கா மகளை உட்கார வைத்துக் கேட்டாள்.

"யாருடி அவன்?"

"யாரும் இல்லம்மா."

"இல்லாமலா இப்படிப் பண்ணிக்கிட்ட? சொல்லு, நான் அடிக்க மாட்டேன். எந்த ஜாதிப் பையன்? மலாய்க்காரனா?"

"யாரும் இல்லம்மா!"

அக்கா அவள் போனை வாங்கி உருட்டி உருட்டிப் பையனைத் தேடினாள். ஒரு வாரம் தேடினாள். வீட்டில் டிவியை நிறுத்தினாள். கோயிலுக்குப் போனால் பெண்கள் தனியாக அழைத்து, "பேரு என்னாங்கக்கா பையனுக்கு?" என்று கேட்டார்களாம். காயம் ஆறிவிட்டதா என்று ஒருத்தியும் கேட்கவில்லை.

அவள் வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டாள். கதவை மூடிக்கொண்டு இருந்தாள். ஒரு நாள் நான் பால் ஊற்றாமல் தே ஓ கலக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தபோது சொன்னாள்:

"ஒரு பையன் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் போல மாமா. அவன் மேல பழியப் போட்டுட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருப்பாங்க."

"அப்புறம் எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்க வேண்டாமே என்று நினைத்தேன். என்னிடம் அந்த வயதில் யாராவது கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்? ஒரு காரணமா இருந்தது?

"தெரியல" என்றாள். "எல்லாம் சேந்து சேந்து வருது. ஆனா அந்த வீடியோ இருக்கற வரைக்கும் என்னால கீழ எறங்க முடியாது. நானே மெசேஜ் போட்டுக் கேட்டேன், எடுங்கன்னு. கும்பிடற கை போட்டு, 'சமுதாய நலனுக்காக சகோதரி'ன்னு அனுப்பறான்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "நீங்க சொல்லி எடுக்க வைக்க முடியாதா மாமா? உங்களுக்குத்தான் ஆளுங்க தெரியுமே" என்றாள்.

எனக்கு ஓர் ஆளையும் தெரியாது. பாக்ஸ் தூக்க ஒத்தாசைக்குக்கூட ஆள் கிடைக்காமல் தனியாகத் தூக்குகிறவன் நான். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது அதைச் சொல்ல முடியவில்லை. "பாக்கறேன்மா" என்றேன்.

அன்றிலிருந்து அவனை நினைக்காமல் நான் தூங்கவில்லை. கற்பனையில் அவனை என்னென்னவோ செய்தேன். அவன் சட்டையைப் பிடித்தேன். அவன் தாயின் முகத்தை மங்கலாக்கிச் சிவப்பு எழுத்துப் போட்டேன். பழி வாங்குவதை நினைப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசி எனக்கு அதற்கு முன் தெரியாது. அதுவரை என் கோபமெல்லாம் என் மேலேயேதான் போயிருக்கிறது. முதல் முறையாக வேறொருவன் மேல் போனது.

தேடிப் போக வேண்டிய வேலை இருக்கவில்லை. பாஸ் ஒரு சனிக்கிழமை என்னிடம், "நாளைக்குக் காலைல கோயில் ஹால்ல ஒரு புரோகிராம். இளைஞர் விழிப்புணர்வாம். ரெண்டு பாக்ஸ் போதும்" என்றார். யார் பேசுகிறார்கள் என்று கேட்டேன். அவன்தான்.

வெள்ளைச் சட்டை, நெற்றியில் பொட்டு, சிரித்த முகம். என்னை அதற்கு முன் பார்த்ததில்லை. நேராக மிக்சரிடம் வந்தான்.

"அண்ணே, பேஜ்ல லைவ் போறேன். என் போனுக்கு தனியா சவுண்டு லைன் குடுத்துருங்கண்ணே. போன மாசம் ஜுரு கோயில்ல ஒரு ஆளு சொதப்பிட்டான்."

கொடுத்தேன். மிக்சரிலிருந்து அவன் போனுக்கு ஒரு தனிக் கேபிள் போகும். ஹாலுக்கு ஒரு சத்தம், லைவுக்கு ஒரு சத்தம். இரண்டையும் நான்தான் கூட்டிக் குறைப்பேன்.

முதலில் பொறுமையாகத்தான் இருந்தேன். இடைவேளையில் பணிவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். அவன் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருந்த திரையில் அவள் கை வந்தது. மேடை அகலத்துக்கு அவள் கை. ஹாலில் இருந்த பெண்கள் "ஐயோ" என்றார்கள். தாய்மார்கள் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தினார்கள், ஆனால் தங்கள் கண்ணை எடுக்கவில்லை.

"பாருங்க! நல்லா பாருங்க! எல்லாம் ஒரு காதலுக்காக!" என்றான்.

லைவுக்குப் போகிற சத்தத்தைக் கீழே இறக்கினேன். முழுதாக இறக்கினேன்.

ஹாலில் அவன் குரல் முழங்கிக்கொண்டிருந்தது. பேஜில் அவன் ஊமை. என் போனில் லைவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தேன். "சவுண்டு வரல ப்ரோ." "ஊமைப் படமா?" "வாய் மட்டும் நல்லா ஆடுது." "மீன் மாதிரி இருக்கான் லா." அவன் கையை ஆட்டி, கண் கலங்கி, நெஞ்சைத் தொட்டு, உலகத்துக்கே வாயசைத்துக்கொண்டிருந்தான். நான் சிரித்தேன். மிக்சருக்குப் பின்னால் உட்கார்ந்து அப்படிச் சிரித்தது அன்று ஒரு நாள்தான்.

தேநீர் இடைவேளையில் போனை எடுத்துப் பார்த்ததும் பாய்ந்து வந்தான்.

"அலாமா! என்னா வேலைங்க பாக்குறீங்க? முழுசும் போச்சு! சவுண்டு எங்க? தூங்கிட்டீங்களா?"

நான் பதில் சொல்லாமல் சட்டைக் கையை மடித்துவிட்டேன். வேண்டுமென்றேதான் மடித்தேன். மெதுவாக மடித்தேன்.

அவன் பார்வை என் கையில் விழுந்தது. குரல் இறங்கியது. நான் மிக்சரில் எதையும் தொடவில்லை, தானாகவே இறங்கியது.

"என்னாண்ணே... ஏதும் பிரச்சினையாண்ணே?"

"நீ தெரையில காட்டின கை," என்றேன். "அது எங்க அக்கா பொண்ணு."

"சத்தியமா தெரியாதுண்ணே! உங்க வீட்டுப் புள்ளன்னு தெரிஞ்சா போடுவேனா? யாரோ அனுப்பினாங்க, நான் சும்மா..."

"எடு."

"இப்பவே எடுக்கறேண்ணே. பாருங்க, உங்க முன்னாலயே." போனை என் பக்கம் திருப்பிக் காட்டியபடியே அழுத்தினான். பேஜிலிருந்து அது போனதை என் போனிலும் பார்த்தேன். "போச்சு, பாருங்க. தயவு செஞ்சு நம்ம பையனுங்ககிட்ட ஒன்னும் சொல்லிறாதீங்கண்ணே. எனக்கும் குடும்பம் இருக்கு."

எந்தப் பையன்கள்? யாரும் இல்லை. இல்லாத அந்தப் பையன்களுக்கு அவன் பயந்தான். அவனும் அவனைப் போன்றவர்களும் எழுதி எழுதி வளர்த்த கதைக்கே அவன் பயந்தான். இதைவிட நல்ல பழி எனக்குக் கிடைத்திருக்காது. அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.

அவன்தான் நிறுத்தவிடவில்லை. பயம் கொஞ்சம் தெளிந்ததும் என்னைக் குளிர வைக்கப் பார்த்தான். என் கையைக் காட்டி, "நீங்கல்லாம் ஆம்பளையா நின்னு வாங்கின ஆளுங்கண்ணே. அது ஒரு கெத்து. இந்தக் காலத்துப் புள்ளைங்க சும்மா கீறிக்கிட்டு சீன் போடுதுங்க. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க புள்ளைய சொல்லல" என்றான்.

அவள் கைக்கும் என் கைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அவளுடையதுக்கு ஒரு தலைப்பு, என்னுடையதுக்கு ஒரு தலைப்பு.

"இது யாரும் வெட்டினது இல்ல," என்றேன். "நானே செஞ்சிக்கிட்டது."

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் பயம் வடிந்துபோவதை நின்று பார்த்தேன். அந்த இடத்தில் வேறொன்று வந்தது. அரை அடி பின்னால் நகர்ந்தான். ரவுடி என்று நினைத்தபோது பக்கத்தில் வந்து குழைந்தவன், இப்போது தொற்றிக்கொள்ளும் என்பதுபோல் நகர்ந்தான்.

"ஆம்பளைங்க அப்டி பண்றதில்லையே..."

"பண்றோம்."

"லவ் ஃபெயிலியரா?"

"இல்ல."

"அப்புறம்? குடியா? வீட்டுல பிரச்சினையா?"

"என் படத்தையும் எடுத்துப் போடு," என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. "மொகத்த மறைக்க வேணாம். அம்பது வயசுக்காரன், மைக் செட்காரன். என்னா தலைப்பு வைப்ப? சொல்லு. இப்பவே சொல்லு."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவன் பேஜில் எனக்குத் தலைப்பு இல்லை.

"மேல போ. அந்தப் புள்ளய பத்தி உனக்கு ஒன்னும் தெரியாதுன்னு சொல்லு. சொன்னாத்தான் லைவுக்கு சவுண்டு."

போனான். சொன்னான். முழுதாகச் சொல்லவில்லை, வழவழவென்று சொன்னான். "சற்று முன் காட்டிய படம் பற்றிய தகவல் உறுதிப்படுத்தப்படவில்லை, வருந்துகிறோம்." ஒற்றை ஆளாகப் பேஜ் நடத்துகிறவன், பத்துப் பேர் சேர்ந்து வருந்துவதுபோல் சொன்னான். அது லைவில் போகட்டும் என்று சத்தத்தை ஏற்றினேன். அதற்குப் பிறகு பேசிய எதையும் அவனால் சரியாகப் பேச முடியவில்லை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் என்னைப் பார்த்தான். நான் மிக்சர்மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

வீட்டுக்குப் போய் அவளிடம் சொன்னேன். எடுத்தாகிவிட்டது என்றதும் எழுந்து உட்கார்ந்தாள். போனைப் பார்த்தாள். அந்தப் பேஜில் இல்லை. ஆனால் அதற்குள் மூன்று நான்கு பேர் தங்கள் பக்கங்களில் எடுத்துப் போட்டிருந்தார்கள். அதை நான் யோசிக்கவில்லை.

"பரவால்ல மாமா," என்றாள். "அதையும் ஒவ்வொன்னா ரிப்போர்ட் பண்ணலாம். அவன எப்படி எடுக்க வச்சீங்க? ஆள் கூட்டிட்டுப் போனீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆள் யாரும் இல்லை என்பதையும், எப்போதுமே இருந்ததில்லை என்பதையும் சொன்னேன். அவள் என் கையைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து பார்க்கிற கை. பிறகு சிரிப்பும் அழுகையுமாக, "அப்போ நீங்க ரவுடியே இல்லியா? ஸ்கூல்ல உங்க பேரச் சொல்லித்தானே எல்லாரையும் மெரட்டி வச்சிருந்தேன்!" என்றாள்.

"எப்படி நிறுத்துனீங்க?" என்று கேட்டாள். சட்டென்று நின்றுவிடவில்லை என்று சொன்னேன். நின்றும் திரும்ப வந்தும் மெல்ல மெல்லத்தான் போனது, யாரிடமும் சொல்லாததால்தான் அவ்வளவு காலம் பிடித்தது என்று சொன்னேன். அடுத்த வாரம் அரசாங்க கிளினிக்குக்கு இரண்டு பேருமாகப் போனோம். அங்கிருந்த மலாய்ப் பெண் டாக்டர் எந்தப் பையன் என்று கேட்கவில்லை. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறாயா, இப்போதும் அப்படித் தோன்றுகிறதா, தோன்றினால் யாரிடம் சொல்வாய் என்று கேட்டார். அவ்வளவு சாதாரணமான கேள்விகளை ஊரில் ஒருவரும் கேட்கவில்லையே என்று எனக்கு மறுபடியும் ஆத்திரம்தான் வந்தது. இன்றும் அவள் அங்கே போய்வருகிறாள்.

நான் சொன்னதை அந்த ஆள் பேஜில் போடவில்லை, வாயால் பரப்பினான். இப்போது கமிட்டி ஆட்கள் என்னை "அண்ணே" என்று குழைவதில்லை. காது கேட்காதவனிடம் பேசுவதுபோல் மெதுவாகப் பேசுகிறார்கள். பாஸ் ஒரு நாள் என் பெட்டியிலிருந்து வயர் வெட்டும் கட்டரை எடுத்து வைத்துக்கொண்டு, "வேணும்னா எங்கிட்ட கேளு, நான் வெட்டித் தரேன்" என்றார். குண்டர் என்று நினைத்தவரை அது என் கையில் இருந்ததில் அவருக்குப் பயமில்லை. "குடுங்க பாஸ்" என்று வாங்கிக்கொண்டேன். அக்கா மட்டும் இன்னும் என்னிடம் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஆனால் மகளிடம் 'யாருடி அவன்' என்று கேட்பதை நிறுத்திவிட்டாள்.

அவன் இன்னும் அந்தப் பேஜை நடத்துகிறான். அவன் பேசுகிற எந்த ஹாலுக்கும் நான் போவதாக இருந்தால் முதலில் வேறு மைக் செட் தேடுகிறான் என்று கேள்விப்பட்டேன். தேடட்டும். பினாங்கில் எத்தனை மைக் செட்காரர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும்.

அவள் திரும்ப வேலைக்குப் போன முதல் நாள் பஸ்ஸில் ஒரு பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அனுதாபக் குரலில், "லவ்வாம்மா?" என்று கேட்டாளாம்.

"இல்லக்கா," என்றாளாம் இவள். "எங்க மாமாவுக்கும் அப்டித்தான் இருக்கு. கோயில்ல மைக் பக்கத்துல உக்காந்திருப்பாரு. காரணம் தெரியணும்னா போய்க் கேளுங்க."

எனக்கு அதைக் கேட்டதும் வியர்த்துவிட்டது. முன்பின் தெரியாதவர்களிடம் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனாலும் அன்றிலிருந்து கோயிலில் சட்டைக் கையை மடித்துவிட்டுத்தான் உட்காருகிறேன். அந்த அன்னதானக்காரன் இரண்டு முறை என்னைக் கடந்து போய்விட்டான். நிமிர்ந்து பார்க்கவில்லை. என்றைக்காவது பார்ப்பான். பார்க்கும்போது, அவன் அன்று வீடியோவுக்குக் கீழே என்ன எழுதிச் சிரித்தான் என்பதை எல்லோருக்கும் கேட்கும்படி அவன் வாயாலேயே சொல்லச் சொல்லி, மைக்கை அவனிடம் நீட்டப் போகிறேன்.